வாய்மூடி வளர்த்த நோய்

வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் தெருவையே எழுப்பி உதவி கேட்கிறோம். மனம் கலங்கினால் கதவைச் சாத்துகிறோம். இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் பந்தியில் அமர்ந்தபடியே எண்ணைச் சொல்கிறோம். மறைவிடத்தில் ஒரு புண் வந்தால் கட்டிய மனைவியிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் மறைக்கிறோம். உள்ளத்து நோயும் பாலியல் தொடர்பான நோயும் வாய்விட்டுச் சொல்லத் தகாதவை என்பது, இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், இலங்கை என இத்துணைக்கண்டம் முழுவதிலும் சமயமும் மொழியும் கடந்து நிலவும் எழுதாச் சட்டம். குடும்ப மானத்தைக் காப்பதாக நம்பப்படும் அச்சட்டம் எத்தனை உயிர்களைக் காவு கொண்டது என்று கணக்குக் கேட்க வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

மாற்றம் வேண்டும் என்று எவரேனும் சொன்னால் உடனே எழும் மறுமொழி ஒன்றுண்டு. "நம் மக்கள் இதற்கெல்லாம் இன்னும் பக்குவப்படவில்லை" என்பதே அது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இம்மறுமொழி உண்மைக்கு மாறானது. சொல்லவே நாக்கூசும் ஒரு நோயைப் பற்றி இம்மாநிலம் ஒருமுறை வாய் திறந்தது. தெருச் சுவர்களில் எழுதியும் பேசியது. பேசியதால் உயிர்கள் பிழைத்தன. அந்த வரலாற்றை மறந்துவிட்டு இன்று பண்பாட்டின் மீது பழி போடுகிறோம்.

1985-86 காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஓர் ஆய்வை ஒப்படைத்தார். எச்.ஐ.வி. கிருமி இந்தியாவுக்குள் வந்துவிட்டதா என்று அறிவதே அதன் நோக்கம். அது மேலைநாட்டு நோய், ஒழுக்கத்தில் ஊன்றிய நம் நாட்டில் அதற்கு இடமே இல்லை என்று கற்றவர்களும் அடித்துச் சொன்ன காலம் அது. பாலியல் தொழிலுக்காகப் பிடிக்கப்பட்டு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் நிர்மலா இரத்தம் சேகரித்தார். ஏறத்தாழ 80 மாதிரிகள் சேர்ந்தன. அவற்றைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே பாதுகாத்தார். பின்னர் பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, கணவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, இரவு ரயிலில் காட்பாடி சென்று, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சோதனைக்கூடத்தில் சேர்ப்பித்தார். ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது. அச்செய்தியை மாநில நலவாழ்வுத் துறை அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டமன்றத்திலேயே அறிவித்தார்.

ஊர்ப்பெயர் கெடும் என்று அஞ்சி அந்த முடிவை ஒரு கோப்புக்குள் புதைத்திருக்க முடியும். புதைக்கவில்லை. மற்ற மருத்துவர்கள் தொடவும் தயங்கிய நோயாளிகளுக்கென்று 1993-இல் சுனிதி சாலமன் தனி மையம் ஒன்றைத் தொடங்கினார். 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. நாட்டிலேயே அத்தகைய முதல் அமைப்பு அது. லாரி ஓட்டுநர்களிடமும் பாலியல் தொழிலாளர்களிடமும் நேரில் சென்று பேசினார்கள். ஆணுறை என்ற சொல்லைக் கிராம சுகாதாரச் செவிலியர் கூசாமல் சொல்லப் பழகினார். 2000-களின் தொடக்கத்தில், புள்ளிராஜா என்ற கற்பனை மனிதரை முன்னிறுத்தி, புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்ற வினா விளம்பரப் பலகைகள்தோறும் எழுந்து நின்றது. குழந்தைகள் கேட்டார்கள், பெற்றோர் முதலில் திகைத்தார்கள், பிறகு விடை தேடினார்கள். அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்ற பெயரில் ஆலோசனைக்கும் சோதனைக்கும் இடம் உண்டாயிற்று. கருவுற்ற தாய்க்குச் சோதனை செய்வதும், தொற்று இருப்பின் குழந்தைக்குப் பரவாமல் மருந்து கொடுப்பதும் வழக்கமாயின.

விளைவு என்ன? 2001-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் கருவுற்ற பெண்களிடையே நூற்றுக்கு ஒருவர் என்ற அளவைத் தொட்டிருந்த தொற்று, இன்று அதில் கால் பங்கிற்கும் கீழே இறங்கியிருக்கிறது. தென்மாநிலங்களில் 15 முதல் 24 வயது வரையுள்ள பெண்களிடையே, 2000-க்கும் 2004-க்கும் இடைப்பட்ட காலத்திலேயே தொற்று மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று லான்செட் மருத்துவ ஏடு 2006-இல் ஆய்வு வெளியிட்டது. மருந்தும் பணமும் இதற்கு உதவின. ஆயினும் மருந்தைத் தேடி வரவும், சோதனைக்குக் கை நீட்டவும் மக்களுக்குத் துணிவு தந்தது பேச்சு. பேசியதால் குடும்பங்கள் குலையவில்லை. ஒழுக்கம் சரியவுமில்லை. தாயை இழக்க இருந்த பிள்ளைகள் தாயோடு வளர்ந்தார்கள்.

அந்தத் துணிவு மனநோயின் பக்கம் திரும்பவே இல்லை. எய்ட்ஸ் பற்றிய விளம்பரங்கள் ஊர்தோறும் நிறைந்திருந்த அதே காலத்தில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட வழியின்றி மாண்டவர்கள் 28 பேர். உறவினரே கொண்டுவந்து விட்டுச் சென்றவர்கள் அவர்கள். அவ்வூரில் உள்ள தர்காவின் அருளை நாடி வந்த ஏழைக் குடும்பங்கள், மருத்துவம் எங்கே கிடைக்கும் என்று அறியாமலும், அறிந்தாலும் ஊராருக்குத் தெரிந்துவிடுமே என்று அஞ்சியும், தம் மக்களை அங்கே கட்டிப்போட்டுத் திரும்பின. நாடே அதிர்ந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. காப்பகங்கள் மூடப்பட்டன. பின்னாளில் அதே தர்காவில் வேண்டுதலோடு மருந்தும் கிடைக்கும் வகையில் அரசு மனநல மருத்துவர்கள் சேவை தொடங்கியது, நம்பிக்கையைப் பகைக்காமலே நோயாளியை மீட்கலாம் என்பதற்கு நற்சான்று. ஆனால் 28 பேரைச் சங்கிலியில் சேர்த்த வெட்கம் நம் வீடுகளை விட்டு அகலவில்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதைக் காட்டியது. அவர்களுள் சிகிச்சை பெறாதவர்கள் நோய்க்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை. 1794-இலேயே மனநல மருத்துவமனைக்கு வித்திட்ட நகரம் சென்னை. சாரதா மேனன் போன்ற மருத்துவர்கள் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் மதில்களைத் தாண்டி நோயாளிகளை வாழ்வுக்கு அழைத்துவர உழைத்த நகரம். எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட அதே 1986-இல், வாழ வெறுத்தவர்களின் குரலைக் காதுகொடுத்துக் கேட்பதற்கென்றே லட்சுமி விஜயகுமார் ஸ்நேகா அமைப்பைத் தொடங்கியதும் இங்குதான். கதவுகள் திறந்தே இருந்தும் மக்கள் வரத் தயங்குகிறார்கள் என்றால், தடை மருத்துவமனை வாசலில் இல்லை. அவரவர் வீட்டுக்குள் இருக்கிறது.

நாம் பேசாத இடத்தில் வேறொருவன் பேசுகிறான் என்பதையும் மறக்கலாகாது. எந்த ஊர்ப் பேருந்து நிலையக் கழிப்பறைக்குச் சென்றாலும் சுவரில் அவனது அறிவிப்பைக் காணலாம். இளமையில் செய்த தவறுகளால் நரம்புத் தளர்ச்சியா, தாது நஷ்டமா, இல்லறத்தில் அச்சமா என்று கேட்டு, மாதத்தின் இன்ன தேதியில் இன்ன ஊரில் இன்ன லாட்ஜில் வைத்தியர் தங்குவார் என்று அது முடியும். இருபது வயது இளைஞன் ஒருவன் யாரும் பார்க்காத நேரத்தில் அந்த அறைக் கதவைத் தட்டுகிறான். அவனுக்கு நோயே இல்லை. உறக்கத்தில் விந்து வெளிப்படுவது இயற்கை என்று சொல்ல அவனுக்குத் தந்தை இல்லை, ஆசிரியர் இல்லை, அண்ணன் இல்லை. ஒரு துளி விந்து பல துளி இரத்தத்துக்குச் சமம் என்று வைத்தியர் சொல்ல, அவன் நடுங்கிப்போகிறான். லேகியத்துக்கும் பஸ்பத்துக்கும் கூலியை எல்லாம் கொட்டுகிறான். பயம் தீராததால் சோர்வு வருகிறது; சோர்வு வந்ததால் நோய் உண்மை என்று நம்புகிறான்.

இவ்வச்சம் தெற்காசிய இளைஞர்களிடம் பெருவழக்காக இருப்பதைக் கண்டு, அதை ஒரு மனநலச் சிக்கலாக வகுத்து 1960-இலேயே மருத்துவர் என்.என்.விக் எழுதினார். ஆண்மைக் குறைவைப் போக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடைசெய்யும் சட்டம் 1954-இலேயே இயற்றப்பட்டது. நோயின் இயல்பும் தெரியும், சட்டமும் இருக்கிறது. விளம்பரங்கள் மட்டும் குறையவில்லை. உண்மையாகவே தளர்ச்சி உற்றவரின் நிலை இதனினும் கொடிது. ஆண்குறி விறைப்பின்மை பல நேரங்களில் நீரிழிவின் விளைவு. இதயக் குழாய் அடைப்புக்கு முன்னறிவிப்பாகவும் அமைவதுண்டு. அரசு மருத்துவரிடம் சொல்லியிருந்தால் உயிரைக் காத்திருக்கக்கூடிய அறிகுறியை லாட்ஜ் அறையில் விலைபேசி விடுகிறோம்.

உள்ளமும் உடலும் ஒன்றையொன்று பற்றியே நலிகின்றன. மனச்சோர்வுக்கும் மனச்சிதைவுக்கும் கொடுக்கப்படும் மருந்துகளுள் சில, பாலுணர்வைக் குறைக்கும் இயல்பு உடையவை. மருத்துவர் அதைக் கேட்பதில்லை. நோயாளி அதைச் சொல்வதில்லை. கணவனாகத் தோற்றுவிட்டோம் என்று எண்ணும் ஆடவர் ஒருநாள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். நோய் திரும்பி வருகிறது. மருந்தை மாற்றியோ அளவைக் குறைத்தோ தீர்த்திருக்கக்கூடிய சிக்கல், ஒரு வினா கேட்கப்படாததால் ஒரு குடும்பத்தைக் குலைக்கிறது. பெண்களின் துயரம் இன்னும் ஆழத்தில் கிடக்கிறது. உள்ளத்து வேதனையைச் சொல்ல இடமின்றி, தலைவலி, படபடப்பு, உடம்பெல்லாம் வலி, வெள்ளைப்படுதல் என்று உடலின் மொழியில் அவர்கள் முறையிடுகிறார்கள். ஊசியும் சத்து மாத்திரையும் கொடுத்து அனுப்பப்படுகிறார்கள். பிள்ளை பெற்ற தாய் காரணமின்றி அழுதால் பச்சை உடம்புக்காரி, சரியாகிவிடும் என்கிறோம். சரியாகாதபோது பேய் பிடித்ததாகச் சொல்கிறோம்.

இவை அனைத்துக்கும் நம் குடும்பங்கள் கண்டுவைத்திருக்கும் ஒரே மருந்து திருமணம். கல்யாணம் பண்ணிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற சொல்லைக் கேளாத மனநல மருத்துவர் இந்நாட்டில் இருக்கமாட்டார். மணமகள் வீட்டாருக்குத் தெரியக்கூடாதென்று, பெண் பார்க்கும் நாளிலிருந்தே மாத்திரை நிறுத்தப்படுகிறது. மணமேடைச் சடங்குகளாலும் உறக்கமின்மையாலும் நோய் வெடிக்கிறது. ஏமாற்றப்பட்ட பெண் ஒருபுறம், ஏமாற்றக் கற்பிக்கப்பட்ட நோயாளி மறுபுறம். தன்பால் ஈர்ப்பு உடைய பிள்ளைக்கும் இதே மருந்து. இரண்டு வாழ்க்கைகளைப் பலி கொடுத்து, மானம் தப்பியது என்று நிம்மதி கொள்கிறோம். இத்தகைய மறைப்பை எந்த அறநூலும் அறம் என்று ஏற்காது.

சிறார் விஷயத்தில் நம் போக்கு இன்னும் விளங்காதது. பெண் பூப்பெய்தினால் பந்தலிட்டு, பதாகை வைத்து, தாய்மாமன் சீர் சுமந்து ஊர்வலம் வர, ஊரையே அழைத்து நீராட்டு விழா நடத்துகிறோம். அந்தப் பெண்ணின் உடலில் நிகழ்ந்தது என்ன, அது ஏன் நிகழ்கிறது, தன்னைத் தான் எப்படிப் பேண வேண்டும், யாரேனும் அத்துமீறினால் எவரிடம் சொல்ல வேண்டும் என்று அவளிடம் அமர்ந்து பேச ஒருவரையும் ஏற்படுத்துவதில்லை. ஊருக்குச் சொல்ல வெட்கமில்லை. உரியவளுக்குச் சொல்ல வெட்கப்படுகிறோம். ஆண்பிள்ளைக்கோ அந்தச் சடங்கும் இல்லை; அவனுடைய ஆசான் கைப்பேசியில் வரும் ஆபாசப் படம். 2007-இல் நடுவண் அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், பாதிக்கும் மேற்பட்ட சிறார் ஏதேனும் ஒருவகைப் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகக் கூறினர். அவர்களுள் பெரும்பாலோர் அதை யாரிடமும் சொன்னதில்லை. உறுப்பின் பெயரையே சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்ட குழந்தை, அந்த உறுப்பைத் தொட்டவனைப் பற்றி எப்படிச் சொல்லும்? நம் நாணத்தின் நிழலில் நின்றே குற்றவாளி துணிகிறான். பாலியல் குற்றங்களிலிருந்து சிறாரைக் காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. சட்டம் தண்டிக்கும். முன்கூட்டியே எச்சரிக்கும் வேலை வீட்டுக்கும் பள்ளிக்கும் உரியது.

எய்ட்ஸ் விஷயத்தில் முன்னே வைத்த காலை நாம் பின்னே இழுத்துக்கொண்ட நிகழ்ச்சிகளும் உண்டு. 2005-இல், மணத்துக்கு முன் உறவு கொள்ளும் பெண்கள் கருவுறாமலும் நோய் பற்றாமலும் காத்துக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் நடிகை குஷ்பு ஓர் இதழுக்குக் கருத்துரைத்தார். தமிழ்ப் பெண்களை இழிவுபடுத்திவிட்டார் என்று கூறி ஊர்தோறும் போராட்டங்கள் எழுந்தன. இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் தொடுக்கப்பட்டன. குற்றம் ஏதுமில்லை என்று கூறி 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்தது. ஐந்தாண்டுகள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்த அந்தப் பெண்ணைப் பார்த்து எத்தனை ஆசிரியர்களும் மருத்துவர்களும் வாயை மூடிக்கொண்டார்களோ, எவர் கணக்கிட முடியும்? 2005-இல் தொடங்கிய வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், குஜராத் உள்ளிட்ட மாநிலங்கள் நிறுத்திவைத்தன. பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்று 2009-இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழுவும் பரிந்துரைத்தது.

பேசினால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்ற அச்சமே இவற்றின் வேர். அக்கறையிலிருந்து பிறந்த அச்சம் அது; ஆகவே அதற்கு விடையும் அக்கறையோடு சொல்லத்தான் வேண்டும். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயதுக்கேற்ற பாலியல் கல்வி இளையோரை முறையற்ற உறவுக்குத் தூண்டுவதில்லை என்றும், பல இடங்களில் முதல் உறவைத் தள்ளிப்போடவே உதவுகிறது என்றும் எடுத்துரைக்கிறது. அறியாத பிள்ளையைக் காட்டிலும் அறிந்த பிள்ளை தன்னைக் காத்துக்கொள்கிறது. இன்பத்தையும் வாழ்வின் உறுதிப்பொருளாக வைத்து, அதற்கென்று 25 அதிகாரங்களை ஒதுக்கிய திருக்குறளைத் தம் மறையாகக் கொண்டாடும் மக்களுக்கு, உடலைப் பற்றிய தூய பேச்சு அயலாரிடமிருந்து வந்த பழக்கமும் ஆகாது.

சட்டம் நம்மை விட விரைவாக நடந்திருக்கிறது. 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவருக்குத் தரவேண்டியது பராமரிப்பு என்று விதித்தது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு வழங்கப் பணித்தது. அண்டை நாடான இலங்கை 1998-இலேயே தற்கொலை முயற்சியைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. 1990-களின் நடுவில் உலகிலேயே மிகக் கொடிய தற்கொலை விகிதம் கொண்டிருந்த நாடுகளுள் ஒன்றான அத்தீவு, கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்ததன் வாயிலாக அவ்விகிதத்தைப் பெருமளவு தணித்தது. பாகிஸ்தானும் 2022 டிசம்பரில் அந்தக் குற்றப் பிரிவைக் கைவிட்டது. தன்னை மாய்த்துக்கொள்ள நினைத்தவன் காவல் நிலையத்துக்கு அஞ்சாமல் மருத்துவமனைக்கு வரலாம் என்ற நிலை மெல்ல உருவாகி வருகிறது.

கற்றுக்கொள்ளும் துணிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் அரிய முன்மாதிரியைத் தந்தது. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் சேர்ந்து வாழ விரும்பி, குடும்பத்துக்கு அஞ்சிப் பாதுகாப்புக் கேட்ட வழக்கில், நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பெழுதும் முன் தாமே ஓர் உளவியல் ஆலோசகரிடம் அமர்ந்து கேட்டறிந்தார். இப்பொருளில் தமக்கிருந்த முன்முடிவுகளை அகற்றிக்கொள்ளவே அவ்வாறு செய்ததாக வெளிப்படையாக எழுதினார். 2021 ஜூன் 7 அன்று வந்த அவரது ஆணை, பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளைத் தடைசெய்தது. உயர்ந்த இருக்கையில் அமர்ந்தவர் கேட்டுத் தெளிய நாணவில்லை. நமக்கு என்ன தடை?

செய்ய வேண்டியவை தெளிவானவை. பள்ளிகளில் ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் உடல், பருவ மாற்றம், தொடுதலின் எல்லை, இசைவு, மனச்சோர்வு ஆகியவை வயதுக்கேற்ற பாடமாக வேண்டும். அறிவியல் ஆசிரியர் இனப்பெருக்கம் பற்றிய பாடத்தை மட்டும் வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லும் வழக்கம் ஒழிய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், இரத்த அழுத்தம் பார்ப்பது போலவே உறக்கத்தையும் மனநிலையையும் இல்லற நலத்தையும் கேட்கப் பயிற்சி பெற வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் என்று வீடு வீடாகச் செல்லும் பணியாளர், மனம் எப்படி இருக்கிறது என்றும் கேட்கட்டும். போலி வைத்திய விளம்பரங்களைத் தடைசெய்யும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தை அரசு ஏட்டிலிருந்து எடுத்து நடைமுறைப்படுத்த வேண்டும். நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் அவ்விளம்பரங்களை ஏற்க மறுக்க வேண்டும். தற்கொலைச் செய்தியை வழிமுறை விளக்கமின்றி, உதவிக்கான எண்ணோடு வெளியிடுவது ஊடக ஒழுக்கமாக வேண்டும். 14416 என்ற எண்ணில் நட்புடன் உங்களோடு மனநல சேவையும், 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனையும் கிடைக்கின்றன என்பது, ஊர்த்தலைவர் முதல் விடுதிக் காப்பாளர் வரை அனைவரும் அறிந்த செய்தியாக வேண்டும்.

அரசின் கடமையை இடைவிடாது கேட்போம். அதே வேளையில், எந்த அரசாணையும் நம் வீட்டுக்குள் நுழைந்து பேசாது. உறங்காமல் விழித்திருக்கும் மகனிடம் என்ன வருத்தம் என்று தந்தை கேட்க வேண்டும். மகளின் கேள்விக்குச் சினமின்றித் தாய் விடை சொல்ல வேண்டும். மாத்திரை உண்ணும் மருமகனோ மருமகளோ அதை மறைக்கத் தேவையில்லாத வீடாக நம் வீட்டை ஆக்க வேண்டும். ஊரே அஞ்சிய ஒரு நோயைப் பேசித் தணித்த மக்கள் நாம். நமக்கு இதைச் செய்யும் ஆற்றல் உண்டு என்பது மெய்ப்பிக்கப்பட்ட உண்மை. இனியும் வாய்மூடி இருந்தால், அறியாமல் செய்தோம் என்று சொல்லும் தகுதி நமக்கு இல்லை.